பங்கு வீட்டு இணையமும் பழி கூறும் பழக்கமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவர் இலக்கியத்தை விடுத்துக் கணினியின் கோளாற்றைப் பற்றி எழுதப் புகுவது தகுமோ என, இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுள்ளும் பழைய மாணவருள்ளும் சிலர் ஐயுறுதல் கூடும். ஐயம் நேரியதே. ஆயினும் கோளாறொன்று நேர்ந்தவிடத்து மனிதர் எவ்வாறு எண்ணுகின்றனர், யாரை நோகின்றனர், எதனைக் காணாது விடுகின்றனர் என்பன எத்துறை மாணவர்க்கும் உரிய பொருள்களே. மேலும், இன்று தமிழ் பயில்வாரும் ஏட்டோடும் எழுதுகோலோடும் நில்லாது கணினியைத் துணைக்கொண்டே பயில்கின்றனர். ஆதலின் எமக்கு நேர்ந்த ஒரு தடையையும், அதனால் யாம் செய்த ஒரு தவற்றையும் முன்வைத்து எம் கருத்தைக் கூற முற்படுகின்றோம்.

அக்கருத்து இது: ஓர் இணைய இணைப்பைப் பல குடிகள் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், வெளியிலிருந்து வீட்டுக் கணினியை இயக்க முயலுங்கால் நேரும் தடைக்குக் காரணம், பெரும்பாலும் உடனுறைவார் செய்த குறும்பன்று, இணையத்தின் அமைப்பிலேயே உள்ளதொரு குறைபாடாம். அதனை முறையாக ஆராயாது அயலார்மேற் பழி சுமத்துதல் தவறு. தடையை நீக்கும் அவசரத்தில் வீட்டுக் கதவை உலகுக்கெல்லாம் திறந்து வைத்தல் அதனினும் பெருந்தவறு.

முதற்கண் 'ரிமோட் டெஸ்க்டாப்' எனப்படும் தொலைமேசை யாது என்பதைச் சுருங்கக் கூறுவோம். ஓரிடத்திலுள்ள கணினியின் திரையை வேறோரிடத்துத் திரையிற் கண்டு, ஆண்டிருந்தவாறே அதனை இயக்குதலே தொலைமேசை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் விண்டோஸ் என்.டி. 4.0 மென்பொருளின் டெர்மினல் சர்வர் பதிப்பில் இவ்வசதியை அமைத்தது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. வாயிலாக இது மேசைக் கணினிகளுக்கும் வந்தது. நெடுங்காலம் அலுவலகத்தார் மட்டுமே அறிந்திருந்த இதனை, 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு நிலவிய நாள்களில் எளிய குடும்பத்தாரும் அறியலாயினர். அன்று வீட்டிலிருந்து அலுவலகக் கணினியை இயக்கினர். இன்று கல்லூரியிலிருந்து வீட்டுக் கணினியை இயக்க விழையும் எம்மனோர்க்கும் இது வேண்டுவதாயிற்று.

எம் இல்லம் வண்டியூரில் உள்ளது. கீழ்த்தளத்தில் இரண்டும் மேல்தளத்தில் ஒன்றுமாக மூன்று குடும்பங்கள் அவ்வீட்டிற் குடியிருக்கின்றன. மூன்றுக்கும் இணைய இணைப்பு ஒன்றே. கட்டணத்தைத் திங்கள்தோறும் மூன்றாகப் பகுத்துக் கொடுத்து வருகின்றோம். மதுரையைச் சூழ்ந்த புறநகர்களில் இத்தகைய ஏற்பாடு புதிதன்று. காம்பவுண்டு வீடுகளில் ஒரே குழாயடியையும் ஒரே முற்றத்தையும் பகிர்ந்து வாழ்ந்தவரின் பேரப்பிள்ளைகள், இன்று ஒரே வைஃபையைப் பகிர்ந்து வாழ்கின்றனர். இதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை.

சென்ற கல்வியாண்டில், வகுப்பாய்வுக்கென வண்டியூர்ப் பகுதியிலுள்ள முதியோரிடம் நீர்ப்பாசனச் சொற்களைக் கேட்டுத் திரட்டினோம். வண்டியூர்க் கண்மாயையும் அதன் பழைய பாசனத்தையும் நினைவிற்கொண்ட பெரியோர் இன்னும் சிலர் உளர். மடை, மதகு, கலுங்கு, மறுகால், வரத்துக்கால், நீர்க்கட்டி என அவர்கள் வாய்மொழியாகக் கூறியவற்றை ஒலிப்பதிவு செய்து, வீட்டிலுள்ள மேசைக் கணினியிற் சேர்த்து வைத்தோம். பதிவுகள் அளவிற் பெரியன, கைப்பேசியில் அடங்கா. ஆதலின் கல்லூரியிலிருந்தபடியே அக்கணினியை இயக்கி வேண்டியவற்றைக் கேட்டெழுதலாம் என்று எண்ணித் தொலைமேசையை அமைத்தோம். வீட்டினுள்ளேயே கைப்பேசியிலிருந்து முயன்று பார்த்தோம், நன்றாக இயங்கிற்று. வினை முடிந்தது என்று மகிழ்ந்தோம்.

கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய மாலை, விடுதி நண்பர் அறையிலிருந்து வீட்டுக் கணினியை அழைத்தோம். விடையில்லை. மீண்டும் மீண்டும் அழைத்தோம். இணைக்க இயலவில்லை என்னும் அறிவிப்பே வந்தது. வீட்டிற்குத் தொலைபேசியில் பேசியபோது, மேல்தளத்துச் சிறுவன் பிற்பகலில் ரூட்டரை அணைத்துப் போட்டான் என்று அறிந்தோம். அவ்வளவே! 'இவனே காரணம்' என்று எம் உள்ளம் உறுதி செய்துவிட்டது. இரவு வீடு திரும்பியதும் படிக்கட்டில் நின்றவாறே அவனைக் கடிந்துரைத்தோம்.

"அண்ணே, நெட்டு நின்றுபோனதால் அணைத்துப் போட்டேன். வேறு எதையும் நான் தொடவில்லை," என்றான் அவன். யாம் நம்பவில்லை. அவன் அழுதுகொண்டு உள்ளே சென்றான். சிறிது நேரத்தில் அவன் தாயார் வந்து, "தம்பி, அடுத்த மாதத்திலிருந்து எங்களைக் கணக்கிற் சேர்க்க வேண்டாம், நாங்கள் தனியே பார்த்துக்கொள்கிறோம்," என்று மட்டும் கூறிச் சென்றார். ஆண்டுகள் சிலவாகப் பண்டிகைப் பலகாரங்களை மாற்றி மாற்றி உண்ட இரு குடும்பங்களுக்கிடையே ஒரு மாலையிற் சுவர் எழும்பிற்று.

அன்றிரவு உறக்கம் வாராது, எழுதியெடுத்த வாய்மொழிகளைப் புரட்டியபோது, முதியவர் ஒருவர் நீர்க்கட்டியின் கடமையைப் பற்றிக் கூறியது கண்ணிற் பட்டது. கடைமடைக்கு நீர் வாராதவிடத்து, கடைமடைக்காரர் மேல்மடைக்காரரை ஏசத் தொடங்குவர். நீர்க்கட்டியோ எவரையும் ஏசாது மண்வெட்டியைத் தோளிலிட்டுக் கடைமடை தொடங்கி வரத்துக்கால்வரை நடந்து பார்ப்பார். நடந்து முடியும்வரை வாய் திறவார் என்பது அவர் கூறியதன் கருத்து. அதனை எம் கையாலேயே எழுதியிருந்தும் அதன்வழி நடந்தோமில்லை என்று வெட்கினோம். மறுநாள் கணினியியல் பயிலும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு, கோளாற்றை ஒருமுனையிலிருந்து நடந்து காண முற்பட்டோம்.

அந்நடையின் படிகளை மாணவர் பயன் கருதி ஈண்டு முறையே கூறுகின்றோம். முதலாவது, கணினி விழித்திருக்கின்றதா என்று காணல் வேண்டும். பல கணினிகள் சிறிது நேரம் வாளா இருப்பின் தாமே உறங்கிவிடும்; உறங்குங் கணினி பொதுவாக அழைப்பை ஏலாது. இரண்டாவது, விண்டோஸின் எப்பதிப்பு அதில் உள்ளது என்று காணல் வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பிலிருந்து பிற கணினியை அழைக்கலாமேயன்றி, மைக்ரோசாஃப்டின் தொலைமேசை முறையில் அதனைப் பிறர் அழைத்து இயக்குதல் இயலாது. அதற்குப் புரோ முதலிய பதிப்பு வேண்டும். மூன்றாவது, கணினியின் ஃபயர்வால் என்னுங் காவலரண் அழைப்பைத் தடுக்கின்றதா என்று காணல் வேண்டும். வீட்டினுள்ளிருந்து அழைத்து இணைப்புக் கிடைப்பின், இம்மூன்றிலும் பெரும்பாலும் பழுதில்லை என்று கொள்ளலாம். எமக்கு அவ்வாறே கிடைத்தது.

நான்காவது, வீட்டிற்குள் அக்கணினிக்கு வழங்கப்பட்ட முகவரி மாறியதா என்று காணல் வேண்டும். ரூட்டர் தன்கீழுள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்குவது போன்றதொரு முகவரியை வழங்குகின்றது. அணைத்துப் போட்டால் அது மாறவுங் கூடும். யாம் சிறுவனை ஐயுற்றதற்கு ஏதேனும் அடிப்படை உண்டெனின் இஃதொன்றே. ஆனால் முகவரி மாறவில்லை, முன்னிருந்ததே இருந்தது. ஐந்தாவது, அழைக்கும் இடத்து வலையமைப்பு இத்தகைய அழைப்புகளைத் தடுக்கின்றதா என்று காணல் வேண்டும். கைப்பேசியின் இணையத்தைக் கொண்டும் அழைத்தோம், அப்பொழுதும் விடையில்லை. ஆதலின் விடுதியின் இணையமும் பழியினின்று நீங்கிற்று.

ஆறாவது படியில் உண்மை வெளிப்பட்டது. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளியிலிருந்து அதற்கு வழங்கப்பட்ட முகவரி யாதென்று நோக்கினோம். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களுள் ஒன்றாகத் தொடங்கிற்று. உலகினர்க்கு எம் வீடு எம்முகவரியிலிருந்து வருவதாகத் தோன்றுகின்றது என்று வேறொரு வழியாக நோக்கியபோது, முற்றும் வேறானதோர் எண் காணப்பட்டது. இரண்டும் ஒன்றாதல் வேண்டும், ஒன்றாகவில்லை. நண்பர் சிரித்து, "உங்கள் வீட்டிற்கு வெளியில் முகவரியே கிடையாது; இந்த ரூட்டரில் என்ன செய்தாலும் வெளியிலிருந்து எவரும் வர இயலாது," என்றார்.

இதன் காரணத்தை அறிய, சிறிது வரலாறு வேண்டும். 1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பு இணைய முகவரி 32 இருமை இலக்கங்களால் ஆயது. அதனால் அமையும் முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அன்று அது கடலளவாகத் தோன்றிற்று. இன்று உலக மக்கள்தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. ஒருவரிடமே கருவிகள் இரண்டும் மூன்றும் உள்ளன. 2011 பெப்ருவரி 3-ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த முகவரித் தொகுதிகள் தீர்ந்தன. அவ்வாண்டே ஏப்ரல் 15-ஆம் நாள் ஆசிய பசிபிக் பகுதிக்குரிய களஞ்சியமும் தன் இறுதித் தொகுதியை எட்டிற்று. முன்னே இணையம் வளர்ந்த நாடுகள் முகவரிகளை மிகுதியாகப் பெற்றுக்கொண்டன. பின்னே வந்த நம்மனோர்க்கு எஞ்சியது சிறிதே. மேல்மடையார் வயல் நிறைந்தபின் கடைமடையார் கண்மாயை நோக்கி நின்ற கதையே இதுவும்.

இப்பஞ்சத்தைச் சமாளிக்கக் கண்ட யுக்தியே முகவரி மாற்றம் என்பது. ஒரு காம்பவுண்டில் பத்துக் குடிகள் இருப்பினும் வெளிக் கதவிலக்கம் ஒன்றேயாயின், உள்ளிருந்து ஒருவர் கடிதம் எழுதும்போது காவலாளி தன் குறிப்பேட்டிற் குறித்துக்கொண்டு, மறுமொழி வரும்போது உரியவரிடம் சேர்ப்பிப்பார். ஆனால் குறிப்பேட்டில் இல்லாத புதிய கடிதம் வருமாயின், யாருக்கு என்றறியாது அதனை எறிந்துவிடுவார். ரூட்டர் செய்வது இதுவே. 'இன்ன வாயிலுக்கு வருவனவற்றை இன்ன கணினிக்குக் கொடு' என்று நாம் முன்னரே கட்டளையிடலாம். தொலைமேசைக்குரிய வாயிலின் எண் வழக்கமாக 3389. யாமும் அவ்வாறே கட்டளையிட்டிருந்தோம். ஆனால் இணைய நிறுவனங்கள் பல, முகவரிப் பஞ்சத்தால் வீடுவீடாக அன்றித் தெருத்தெருவாகவே ஒரு கதவிலக்கத்தை வழங்குகின்றன. அதற்கென்றே 2012-ஆம் ஆண்டில் மேற்கூறிய 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. தெருமுனைக் காவலாளி நம் சொல்லைக் கேளார். அவர் நிறுவனத்தின் ஏவலர். எம் கட்டளை வீட்டு வாயிலிற் கிடந்தது. அழைப்போ தெருமுனையிலேயே எறியப்பட்டது. சிறுவன் ரூட்டரைத் தொடாதிருந்தாலும் அன்று மாலை எமக்கு விடை கிடைத்திராது. அதற்கு முன் எந்நாளிலும் கிடைத்திராது. வெளியிலிருந்து ஒருமுறையேனும் முயன்று பாராது, வீட்டினுள் இயங்கியதை வெளியிலும் இயங்கும் என்று கொண்டது எம் பிழை. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிவு செய்ததும் எம் பிழையே.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்து செயல்படுமாறு கூறியதைத் தேர்வுக்கெனப் பலமுறை படித்துள்ளோம். படித்தது விடைத்தாளில் நின்றது, படிக்கட்டுவரை வரவில்லை. மலைப்பிரசங்கத்தில் உத்திரத்தையும் துரும்பையும் குறித்து வரும் உவமையைச் சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியிற் கேட்டும் வந்துள்ளோம். அதுவும் அன்று நினைவிற்கு வரவில்லை.

இனி, தடையை நீக்கும் வழி யாது? 'நிறுவனத்திற்குக் கூடுதற் கட்டணம் செலுத்தி நிலையான வெளி முகவரி பெற்று, 3389 வாயிலைத் திறந்துவிட்டால் தீர்ந்தது' என்பார் உளர். முகவரி பெறுதலை யாம் மறுக்கவில்லை. வாயிலைத் திறத்தலை மறுக்கின்றோம். இணையத்தில் திறந்துள்ள வாயில்களை இரவும் பகலும் தட்டிப்பார்த்துக் கடவுச்சொல்லை ஊகித்துப் புகுவதையே தொழிலாகக் கொண்டோர் உலகெங்கும் உளர். அன்றியும், 2019 மே மாதத்தில் விண்டோஸின் பழைய பதிப்புகளிலிருந்த தொலைமேசையில் 'புளூகீப்' என்று பெயரிடப்பட்ட ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே அதன்வழி உட்புகலாம் என்பதால், ஆதரவு முடிந்துபோன எக்ஸ்.பி. பதிப்பிற்குங்கூட மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. பங்கு வீட்டிலோ தீங்கு நம்மளவில் நில்லாது. எம் கணினியிற் புகுந்தவன், அதே வலையிலுள்ள மேல்தளத்தார் கருவிகளையும் துழாவக்கூடும். பொதுமுற்றத்துக் கதவை ஒருவர் தம் வசதிக்காகத் திறந்துவைத்து உறங்கச் செல்லலாமோ? கூடாது.

'அற்றேல், இருபக்கத்தாரும் தாமே வெளிச்சென்று நடுவிலுள்ள ஒரு நிலையத்திற் சந்திக்கும் செயலிகள் உளவே' எனின், அது நல்வழியே. உள்ளிருந்து வெளிச்செல்வதைக் காவலாளி தடுப்பதில்லை. ஆதலின் தெருமுனைத் தடை அங்குப் பொருளற்றதாகின்றது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க், டீம்வியூவர் முதலியன இவ்வகையின. வயர்கார்டு என்னும் மறைகுறி முறையைக் கொண்டு இரு கணினிகளுக்கிடையே தனிவழி அமைக்கும் டெயில்ஸ்கேல் போன்றவையும் உள. யாம் இப்பின்னவற்றுள் ஒன்றைக் கொண்டே எம் கணினியை அடைந்தோம். எவ்வாயிலையும் வெளியே திறக்கவில்லை. ஆனால் இதிலும் விழிப்பு வேண்டும். நம் கணினியைப் பிறர் இயக்கவிடுங் கருவி, வஞ்சகர் கையிற் கொள்ளைக் கருவியாகும். எனிடெஸ்க் செயலியை நிறுவச் செய்து வங்கிப் பணத்தைக் கவரும் மோசடி குறித்து, இந்திய ரிசர்வ் வங்கி 2019 பெப்ருவரியில் எச்சரித்தது. முன்பின் அறியாதார் தொலைபேசியிற் கூறும் சொற்கேட்டு இவற்றை நிறுவலாகாது. இணைப்பெண்ணைப் பிறர்க்குரைத்தலும் ஆகாது. இதனை வீட்டிலுள்ள முதியோர்க்கு எடுத்துரைத்தல் நம் கடமை.

இணைப்புக் கிடைத்தபின்னும் ஓர் இடர் எஞ்சிற்று. சில வேளைகளில் திரை தடுமாறிற்று. சுட்டி அசைந்தபின் நெடுநேரம் கழித்தே அம்பு அசைந்தது. தொலைமேசையில் வீட்டுக் கணினியின் திரை வெளியே செல்லவேண்டியதாதலின், அது வீட்டின் ஏற்று வேகத்தைப் பயன்கொள்கின்றது. அதே வேளையில் மற்றொருவர் கைப்பேசியிலிருந்து நிழற்படத் தொகுதிகளை ஏற்றுவாராயின், ரூட்டரில் வரிசை நீண்டு எல்லாருடைய பணியும் தாமதப்படும். 2010-ஆம் ஆண்டளவில் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியியலார் இதனை ஆராய்ந்து 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டு உலகறியச் செய்தார். வரிசையைச் செம்மைப்படுத்தும் அமைப்பு சில ரூட்டர்களில் உண்டு. எம் ரூட்டரில் அது இல்லை. ஆதலின் பொறியால் இயலாததை முறையால் இயற்றினோம்: மாலை ஆறு முதல் ஒன்பது வரை மேல்தளத்து அக்காவின் இணையவழிப் பயிற்சி வகுப்புக்கு முதலிடம்; பெருங்கோப்புகளை ஏற்றுதல் இரவு பதினொரு மணிக்குப்பின்; ரூட்டரை அணைப்பவர் மற்றை இரு குடிகளுக்கும் ஒரு சொல் உரைத்தபின் அணைத்தல். கண்மாய் நீர் குறைந்த காலத்து முறைவைத்துப் பாய்ச்சிய ஊரார்க்கு, இணையத்தை முறைவைத்துத் துய்ப்பது அரிதன்று.

ஆயினும் இவையெல்லாம் இடைக்கால ஏற்பாடுகளே. நிலையான தீர்வு, ஒவ்வொரு வீட்டிற்கும் மெய்யான முகவரி கிடைத்தலாம். ஆறாம் பதிப்பு இணைய முகவரி 1998-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. அது 128 இருமை இலக்கங்களால் ஆயது. அதன் மொத்தத்தை எழுதிக் காட்ட 39 இலக்கங்கள் வேண்டும். அதில் பஞ்சம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2010-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு நெறித்திட்டம் வெளியிட்டது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவின் கைப்பேசிச் சேவை இதனை விரிவாக வழங்கியதால், நம் நாடு இதன் பயன்பாட்டில் உலகின் முன்வரிசைக்கு வந்தது. கைப்பேசிக்கு எய்தியது வீட்டு இணைப்பனைத்திற்கும், சிறு நிறுவனங்களின் இணைப்பிற்கும், பழைய ரூட்டர்களுக்கும் எய்துதல் வேண்டும். முகவரி கிடைத்தபின்னும் காவலரண் வேண்டுவதே என்பதை மறத்தலாகாது. கதவிலக்கம் பெறுவது வேறு. கதவைத் தாழிடாதிருப்பது வேறு.

இதனோடு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். இணைப்புத் தரும் நிறுவனங்கள், தாம் தருவது தனி முகவரியோ பங்கு முகவரியோ என்பதை இணைக்கும் நாளிலேயே வாடிக்கையாளர்க்குத் தெளிந்த தமிழில் எழுத்தாற் கூறுதல் வேண்டும். வேகத்தை மட்டும் பெரிய எழுத்திற் பொறித்து, முகவரியின் இயல்பைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அடுத்து, நம் கல்லூரியில் மாணவர் குழுவொன்று அமைந்து, கணினியியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி இத்தகைய கோளாறுகளை நாடும் முறையை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வழங்குதல் வேண்டும். முன்னவர்க்குப் பொருள் தெரியும். பின்னவர்க்குச் சொல் தெரியும். இரண்டுங் கூடினாலன்றி எம் வீட்டு மேல்தளத்துத் தாயார் போன்றோர்க்குப் பயனில்லை. அத்தாளின் தலைப்பில், 'நடந்து முடியும்வரை எவரையும் ஏசாதே' என்று பொறித்தல் நன்று என்பது எம் எண்ணம்.

நண்பர் காரணத்தைக் காட்டிய அன்று மாலையே யாம் மேல்தளத்திற்குச் சென்று, தாயாரிடமும் சிறுவனிடமும் மன்னிப்புக் கேட்டோம். தவறு எம்முடையது என்பதை அவனுக்கு விளங்குமாறு, காவலாளி கதையையும் கூறினோம். அவன் சற்றுச் சிந்தித்து, "அப்படியானால் அண்ணே, நீங்கள் அந்தத் தெருமுனைக் காவலாளியையல்லவா திட்டியிருக்க வேண்டும்?" என்றான். அவரையும் திட்டுதற்கில்லை, முகவரி இல்லாமையால் அவரும் அவ்வாறு செய்கின்றார் என்று விடையிறுத்தோம். அடுத்த திங்கட் கணக்கை மூன்றாகவே பகுத்தோம். கட்டுரையை ஒருநாள் தாழ்த்தே ஒப்படைத்தோம். அதற்குரிய மதிப்பெண் குறைந்தது. அக்குறைவிற்கு யாம் வருந்தவில்லை. படிக்கட்டில் நின்று அழுத பிள்ளையின் முகமே இன்றளவும் எமக்கு வருத்தந் தருவதாகும். இதனைப் படிக்கும் மாணவ நண்பர்காள்! நும் வீட்டிலும் ஒருநாள் இணைப்பு அறும். அன்று முதலில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதன்பின் வேண்டுமாயின் வாய் திறவுங்கள்.